நாளக் கட்டிக்கு ஊசி போட்டபின் கால் விறைத்தால்: எந்த நரம்பு, எப்போது, ஏன்?

#1 வாவிக்கரை_வார்டு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ போய், பிறவிக் குருதிக்குழாய்க் கோளாறுக்கு ஸ்கிளீரோதெரபியோ (ஊசியால் மருந்து செலுத்திக் குழாயைச் சுருக்குவது) எம்பொலைசேஷனோ (நாடி வழியாகப் போய்க் குழாயை அடைப்பது) செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கென்று இரண்டு பக்கத் தமிழ்த்தாள் ஒன்று தயாரிக்கிறோம். முதல் வரியிலேயே முட்டுக்கட்டை.

"நரம்பு பாதிக்கப்படலாம்" என்று எழுதினால் இங்கே யாருக்கும் அது நரம்பாகப் படாது. கையில் புடைத்துத் தெரியும் நாளமும் நரம்புதான், காலில் சுருண்டு நிற்பதும் 'நரம்புச் சுருள்'தான். சேலைன் ஏற்றும்போதுகூட "நரம்பு கிடைக்கல்ல" என்றுதான் வார்டில் பேச்சு. ஆகவே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறவர், "நரம்புக்குள்ளதானே ஊசியே போடுறாங்க, மறுகா அது பாதிக்காம என்ன செய்யும்" என்று நினைத்துக்கொண்டு வைக்கிறார். பாதம் தொங்கலாம், வாய் கோணலாம் என்பது அவர் மனதுக்கு எட்டவே இல்லை.

பாடப்புத்தகத்தில் நாடி (இதயத்திலிருந்து குருதி கொண்டுபோவது), நாளம் (இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது), நரம்பு (அசைவுக்கும் உணர்வுக்கும்) என்று மூன்றும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் ஓ.எல். படித்து முப்பது வருடமானவரிடம் 'நாளம்' எடுபடாது.

கேட்பது: எந்தெந்த விதத்தில் நரம்பு கெடுகிறது, எது ஓடிவர வேண்டியது, எது பொறுத்திருக்கலாம்? துறையிலிருப்பவர்கள் அளவு, நேரத்தோடு சொல்லுங்கள். ஆறுதல் வரிகள் எங்களிடம் போதுமான அளவு இருக்கின்றன.

#2 ஊசிமுனை

தாளில் நோயாளியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எங்கே விறைக்குது" இல்லை, "எப்ப தொடங்கினது" என்பதுதான். பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போதே பாதம் தூக்க முடியவில்லை என்றால், மருந்து நேரே நரம்பைத் தொட்டிருக்கிறது, அல்லது நரம்புக்குக் குருதி கொடுக்கும் நுண்நாடி அடைபட்டிருக்கிறது. மேசையில் கிடத்திய விதத்தில் அழுத்தம் பட்டிருக்கவும் இடமுண்டு. கண் திறக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, நாலைந்து மணிநேரம் கழித்து வலி ஏறிக்கொண்டே போய் அதன்பின் விறைத்தால், அது வீக்கத்தின் அழுத்தம். முதல் வகையில் இனி நடக்க இருக்கும் சேதம் குறைவு, நடந்தது நடந்துவிட்டது. இரண்டாம் வகையில் சேதம் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. கத்தி வைத்துத் திறந்துவிட்டால் நிற்கும். இந்த இரண்டையும் "ஊசிக்குப் பிறகு கொஞ்சம் விறைப்பு இருக்கும்" என்ற ஒரே வரிக்குள் போடுவதுதான் ஆபத்து.

மருந்து நரம்பைத் தொடுவது என்றால் என்னவென்று, ஊசியில் போடும் மருந்துகளில் ஒன்றான எதனோலை (மதுசாரம்) வைத்துப் புரிந்துகொள்ளலாம். அப்சலூட் (நீர் கலக்காத) எதனோல் நாளத்தின் உட்சுவர்க் கலங்களிலிருந்து நீரை உறிஞ்சி, புரதத்தை வெள்ளைக்கரு வேகுவதுபோல உறையவைத்து, சுவரை உரித்துவிடுகிறது. கோளாறு திரும்ப முளைப்பது குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் இதே எதனோலைத்தான் கணையப் புற்றுநோய் வலிக்கு வயிற்று நரம்புப் பின்னலைச் சாகடிக்க வேண்டுமென்றே செலுத்துகிறார்கள். நாளத்துக்கு மருந்து, நரம்புக்கு நஞ்சு. அது சுவருக்கு வெளியே கசிந்தாலும், மெல்லிய சுவரினூடே ஊறினாலும், பக்கத்தில் நரம்பு ஓடினால் தப்பாது.

கவனம் கூடுதலாக வேண்டிய இடங்கள்: முழங்காலுக்கு வெளிப்பக்கம் பிபியூலா எலும்பின் கழுத்தைச் சுற்றும் பெரோனியல் நரம்பு, பிட்டத்திலும் பின்தொடையிலும் சயாட்டிக், முழங்கையில் அல்னர், மேற்கையின் பின்புறம் ரேடியல், முன்கையிலும் உள்ளங்கையிலும் மீடியன், கன்னத்தில் முகநரம்பு, கீழ்த்தாடை விளிம்பில் அதன் கீழ்க்கிளை. உள்ளங்கை, விரல் கோளாறுகளுக்கு எதனோல் எடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

#3 கல்முனைக்காக்கா

ஊசிமுனை சொன்ன இரண்டாவது வகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கால் போவது இதில்தான்.

கெண்டைக்காலும் முன்கையும் உறைபோட்ட அறைகள். உறை நீளாது. தசைக்குள் இருக்கும் நாளக் கோளாறில் மருந்து போட்டதும் குருதி உறைந்து கட்டியாகி வீங்கும். வீக்கம் அறைக்குள் அழுத்தத்தை ஏற்றும், நுண்குழாய்கள் நசுங்கும், நரம்பு முதலில் முறையிடும், பிறகு தசை சாகும். பெரிய நாடியின் அழுத்தம் இதைவிட மிக அதிகம். அதனால் பாதத்தில் துடிப்பு கடைசிவரை தெரியும். "பல்ஸ் இருக்கு, பயமில்ல" என்று எழுதிய குறிப்பை நம்பி இருக்கக்கூடாது.

முன் அறையில் அழுத்தம் ஏறினால் முதலில் விறைப்பது பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவிலுள்ள சிறு தோல். ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடம்தான். பஞ்சு நுனியால் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கூடவே கால்விரலை நீங்கள் பிடித்துக் கீழ்நோக்கி மடக்குங்கள். உயிர் போகிற மாதிரிக் கத்தினால், கொடுத்த வலிமருந்தையும் மீறி வலித்தால், அதுதான் அடையாளம். முன்கையென்றால் விரல்களைப் பின்னுக்கு நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.

உடனே செய்வது: பண்டேஜைத் தோல் தெரியும்வரை முழுதாக வெட்டித் திறப்பது, அடியிலிருக்கும் பஞ்சுச் சுருளையும் சேர்த்து. காலை இதய மட்டத்தில் வைப்பது. தலையணை அடுக்கி உயர்த்தினால் உள்ளே போகும் குருதியும் குறையும், அப்படிச் செய்யவேண்டாம். அரை மணிநேரத்தில் இறங்காவிட்டால் அறை அழுத்தத்தை அளப்பது. டயஸ்டொலிக் அழுத்தத்துக்கும் (பிரஷரின் கீழ் எண்) அறை அழுத்தத்துக்கும் இடையே 30 மி.மீ. மேர்க்கூரிக்குக் குறைவாக இருந்தால் உறையைத் திறக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லை, ஆனால் அடையாளம் தெளிவு என்றால் கருவிக்காகக் காத்திருப்பது தவறு. தொடங்கி 6 மணிநேரம் தாண்டினால் தசை மீளாமல் போகத் தொடங்கும்.

இனி நம்ம பக்கத்துச் சிக்கல். கொழும்பு–மட்டக்களப்பு பஸ் ஏழு எட்டு மணிநேரம், அக்கரைப்பற்று, பொத்துவில் என்றால் இன்னும் கூட. காலையில் ஊசி, மாலையில் டிக்கட் வெட்டி (வார்டிலிருந்து விடுவித்து) இரவு பஸ் ஏறினால் வீக்கம் உச்சத்துக்கு வருவது ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் நடுவில்தான். சீட் விளிம்பு பிபியூலா கழுத்தில் அழுத்திக்கொண்டேயும் இருக்கும். தசைக்குள் இருக்கும் கோளாறுக்கு மருந்து போட்டுக்கொண்டவர் குறைந்தது ஓர் இரவு அங்கேயே வார்டில் இருக்கவேண்டும் என்பதைத் தாளின் மேலே பெட்டி போட்டு எழுதுங்கள்.

ஊருக்கு வந்தபின் தொடங்கினால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழைத்து, சத்திரசிகிச்சைக்கூடம் உள்ள இடத்துக்கே நேரே: மட்டக்களப்பு போதனா, அம்பாறை பொது, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. பக்கத்து டிஸ்பென்சரியில் வலியூசி ஒன்று போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருப்பதுதான் ஆகக் கெட்ட முடிவு.

#4 சம்மாந்துறை_தாதி

காக்கா சொன்ன பண்டேஜ் விசயத்துல ஒரு கேள்வி. ஸ்கிளீரோதெரபி முடிஞ்சா அமுக்கிக் கட்டச் சொல்லித்தான் ஓடர் வருது. கட்டினாலும் பிழை, கட்டாட்டியும் பிழை எண்டா வார்டுல என்ன செய்யுறது? எத்தனை மணிக்கு ஒருக்கா பார்க்கணும், என்ன எழுதணும்?

#5 கல்முனைக்காக்கா

நியாயமான கேள்வி, தங்கச்சி. கட்டத்தான் வேண்டும். குழாயின் உட்குழி சுருங்கி ஒட்டுவதற்கு அமுக்கம் உதவும். ஆனால் மூன்று நிபந்தனை. பிபியூலா தலைக்கும் கழுத்துக்கும் மேல் பஞ்சுத் திண்டு வைக்காமல் எலாஸ்டிக் சுற்று போகக்கூடாது. பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றவேண்டும், மேல் விளிம்பு முழங்காலுக்குக் கீழே கயிறுபோல் சுருண்டு நிற்கக்கூடாது. அந்தச் சுருண்ட விளிம்பு ஒன்றே போதும், பாதம் தொங்க. விரல்கள் ஐந்தும் வெளியே தெரிய வேண்டும்.

பார்ப்பது: முதல் 4 மணிநேரம் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு 24 மணிநேரம் வரை மணிக்கு ஒருமுறை. இதில் அவரவர் வார்டு வழக்கம் கொஞ்சம் மாறும். எழுதுவது ஐந்து: வலி பத்துக்கு எத்தனை, முதல் விரலிடுக்கில் தொடுகை, பெருவிரலை மேலே தூக்குகிறாரா, விரலை மடக்கினால் வலிக்கிறதா, தோல் நிறம். இரவு தூங்குகிறார் என்று விட்டுவிடாமல் எழுப்பிக் கேட்க வேண்டும். வலியின் எண் 4, 6, 8 என்று ஏறும் வரிசை ஒரு தனி எண்ணைவிடப் பெரிது.

#6 துயில்மருந்து

மயக்கமருந்துப் பக்கத்திலிருந்து சில.

எதனோல் உள்ளே போகும்போது தாங்க முடியாத வலி, ஆகவே முழு மயக்கம். "நரம்புத் தடை ஊசி ஒன்றும் போட்டுவிட்டால் முடிந்தபின் வலிக்காதே" என்று, நரம்பை மரக்கச்செய்யும் ஊசியைக் கேட்பார்கள். கேட்டதைச் செய்தால் மயக்கம் தெளிந்தபின் பாதம் தொங்குவது எதனோலாலா, தடை ஊசியாலா என்று 12 மணிநேரம் யாருக்கும் தெரியாது. அறை அழுத்தத்தின் வலியும் மறைந்துபோகும். ஆகவே நரம்புக்கு அருகிலோ தசை அறைக்குள்ளோ செய்யும் வேலையில் நீண்டநேரத் தடை வேண்டாம். பரசிட்டமோல், மோர்ஃபின், தேவைப்பட்டால் சிறிதளவு கெட்டமின், இவற்றோடு நிறுத்துவது நல்லது.

அளவு: எதனோல் ஒரு தடவைக்கு கிலோவுக்கு 0.1 மி.லி., அடுத்ததுக்கு முன் 10 நிமிடம். ஓர் அமர்வின் உச்சம் கிலோவுக்கு 1 மி.லி. என்பார்கள், பலர் அதில் பாதியோடு நிறுத்துகிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தடவை 5 மி.லி. அந்த 10 நிமிட இடைவெளி நரம்புக்காக வந்ததல்ல. நுரையீரல் நாடியின் அழுத்தம் திடீரென ஏறி இதயம் நிற்காமலிருக்கத்தான். ஆனால் அந்த இடைவெளியில் கசிவு இருக்கிறதா என்று ஸ்கானில் பார்க்க அவகாசம் கிடைப்பதால் நரம்புக்கும் உதவுகிறது. சிறுநீர் சிவந்தால் அது சிவப்பணு சிதைவு, திரவம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

கிடத்தும் விதமும் சேர்த்துப் பாருங்கள். மூன்று மணிநேரம் கை மேசை விளிம்பில், முழங்கை உட்புறம் ஜெல் திண்டில்லாமல் கிடந்தால் அல்னர் நரம்பு நசுங்கும். கெண்டைக்காலில் வேலை செய்த நோயாளிக்குச் சுண்டுவிரல் விறைத்தால் ஊசி போட்டவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை, அது எங்கள் கணக்கு. டூர்னிக்கே (குருதி ஓட்டத்தை நிறுத்தக் கட்டும் இறுக்குப்பட்டி) இரண்டு மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்பதையும் நேரம் பார்த்து ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும்.

#7 ஊசிமுனை

இனி ஊசி வேலை. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் திரையில் நரம்பு தேனடைபோல் தெரியும், கறுப்புப் புள்ளிகள் நடுவே வெள்ளைக் கோடுகள். 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள லீனியர் புரோப் (தோலில் வைக்கும் ஸ்கான் முனை) வேண்டும். தோலைச் சத்திரசிகிச்சைத் துணியால் மூடுமுன்பே நரம்பைத் தேடி, ஓடும் பாதையைப் பேனாவால் தோலில் வரைந்துவிட வேண்டும். வேலை தொடங்கியபின் வீக்கத்தில் தேடினால் கிடைக்காது.

21 அல்லது 23 அளவு ஊசி. கறுத்த குருதி தானாகத் திரும்பி வராவிட்டால் அந்த ஊசி வழியாக எதுவும் போகக்கூடாது. வந்தால் கொன்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) செலுத்தி, வெளியேறும் நாளம் தெரியத் தொடங்கும்வரை எத்தனை மி.லி. போனது என்று எழுதுவது. எதனோல் எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் அந்த எண்தான் உங்கள் கண். 6 மி.லி. கொன்ட்ராஸ்ட் பிடித்த இடத்துக்கு 6 மி.லி.க்கு மேல் போவதில் அர்த்தமில்லை, அழுத்தம் ஏறிச் சுவர் கிழியும். பெரிய நாளப் பைகளில் இரண்டாவது ஊசி ஒன்றைத் திறந்து வைத்தால், மருந்து போகப் போகப் பழைய குருதி அதன்வழி வெளியேறும், உள்ளழுத்தம் ஏறாது. ஊசியை எடுக்குமுன் மிச்சத்தை உறிஞ்சிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் துளைவழியே சொட்டிக்கொண்டு வரும் எதனோல் தோலையும் தோல்நரம்பையும் தொடும்.

நரம்பு ஒட்டிக் கிடந்தால் மருந்தை மாற்றுவதுதான் முதல் வழி. இன்னொரு ஸ்கிளீரோதெரபி மருந்தான சோடியம் டெட்ராடெசிலின் நுரை: 1 பங்கு மருந்து, 4 பங்கு காற்று, இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே த்ரீவே (மூவழி இணைப்பு) வைத்து 20 தடவை அங்குமிங்கும் தள்ளினால் வெண்ணுரை வரும். ஓரிரு நிமிடத்தில் பயன்படுத்தாவிட்டால் மீண்டும் நீராகிவிடும். நரம்பைச் சேதப்படுத்தும் வாய்ப்பு எதனோலைவிடக் குறைவு, இல்லாமலில்லை.

மூன்றாவது மருந்தான பிளியோமைசின் வீக்கமே அதிகம் தராது. கன்னம், கண்குழி, நாக்கு, கை போன்ற இடங்களுக்கு அதுதான் என் தெரிவு. ஒரு அமர்வில் 15 அலகைத் தாண்டாமல். இங்கே ஒரு பொறி: சில புட்டியில் 15 யூனிட் என்றும், சிலதில் 15,000 ஐ.யூ. என்றும் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றேதான், 15 மி.கி. வாழ்நாள் மொத்தம் 400 அலகைத் தாண்டினால் நுரையீரல் தழும்பேறும் அபாயம் கூர்மையாக ஏறும், அதற்குக் கீழும் சுழியம் அல்ல. தோலில் ஈ.சி.ஜி. ஸ்டிக்கர், பிளாஸ்டர் ஒட்டிப் பிய்த்த இடமெல்லாம் சாட்டையடிபோல் கறுக்கும், இரண்டு நாளாவது அதைத் தவிர்க்க வேண்டும். அதே நுரையீரல் காரணத்துக்காக மயக்கம் கொடுப்பவரும் ஒட்சிசனைத் தேவைக்கு மேல் ஏற்றக்கூடாது.

#8 துயில்மருந்து

ஒட்சிசன் விசயம் சரி. ஆனால் எதனோலை இப்படி ஒதுக்கிவிட முடியுமா? பெரிய தொடைக் கோளாறு ஒன்றுக்கு பிளியோமைசின் அமர்வு ஆறு, ஏழு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் மயக்கம், ஒவ்வொன்றுக்கும் பயணச் செலவு. திருக்கோவிலிலிருந்து கொழும்புக்கு ஏழு தடவை என்றால் மூன்றாவதோடு நின்றுவிடுவார்கள். பாதியில் விட்ட சிகிச்சையும் ஒரு பாதிப்புத்தானே?

#9 ஊசிமுனை

ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரே கோளாறுக்குள்ளேயே இடம் பிரித்து மருந்து மாற்றலாம். தொடையின் முன்புறப் பைகளுக்கு எதனோல், சயாட்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்பகுதிக்கு நுரையோ பிளியோமைசினோ. நரம்பிலிருந்து தள்ளியிருக்கும் பகுதியை முதல் அமர்வில் முடித்தால், அந்தப் பக்கம் சுருங்கியபின் மிச்சத்தின் படம் வேறாகத் தெரியும். கெண்டைக்கால் முன் அறை என்றால் ஒரே நாளில் முழுவதையும் நிரப்பும் ஆசையைத் துறக்க வேண்டும். அமர்வு கூடினால் கூடட்டும். சிறிய அமர்வுகளாகச் செய்து பாதத்தைக் காப்பாற்றுவது பஸ் காசைவிட மலிவு.

இன்னொன்று. கெண்டைத் தசையில் கடும் வலி, குதிக்கால் நிலத்தில் படாத சுருக்கம், எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பும் நாரும் கலந்த திண்மக் கட்டி என்றால் அது சாதாரண நாளக் கோளாறல்ல. 2014-இல் தனிப் பெயர் கொடுத்த ஃபாவா என்ற வகை. திரவ மருந்து அதில் பரவாது. கிரையோ, அதாவது உறையவைக்கும் ஊசியோ அறுவையோ வேண்டும். உறைபனி உருண்டையின் விளிம்பு திரையில் தெரியும், நரம்புக்கும் விளிம்புக்கும் நடுவே சேலைன் செலுத்தித் தள்ளி வைக்கலாம். தெரியாமல் எதனோல் போட்டுக்கொண்டேயிருந்தால் கட்டியும் இருக்கும், நரம்பும் போகும்.

#10 வாவிக்கரை_வார்டு

நாடியும் நாளமும் நேரே இணைந்துபோகும் நாடி–நாளக் கோளாறுக்கு நாடி வழியாகச் செய்யும் எம்பொலைசேஷனில் என்ன வித்தியாசம்? தாளில் அதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

#11 ஊசிமுனை

அங்கே கசிவு பெரிய பயமில்லை. நரம்புக்கும் தனிச் சோறு ஊட்டும் நுண்நாடிகள் இருக்கின்றன. அடைக்கிற பொருள் அதற்குள் போனால் நரம்பு பட்டினியில் சாகும். பிட்டத்தில் கீழ் குளூட்டியல் நாடியிலிருந்து சயாட்டிக் நரம்போடு கூடவே ஓடும் கிளையொன்று உண்டு. அதைக் கவனிக்காமல் இடுப்புக் கோளாறை அடைத்தால் பாதம் தொங்கும். முகநரம்புக்கு நடு மெனிஞ்சியல் நாடியின் பெட்ரோசல் கிளையும், காதுக்குப் பின்னால் ஸ்டைலோமாஸ்டொயிட் கிளையும். ஏறும் ஃபரிஞ்சியல் நாடியின் ஒரு கிளை விழுங்கும், பேசும், நாக்கசைக்கும் நரம்புகளுக்கு. முதுகில் என்றால் முள்ளந்தண்டு வடத்துக்குக் குருதி கொடுக்கும் அடம்கீவிட்ஸ் நாடி. பெரும்பாலும் இடப்பக்கம், கீழ்நெஞ்சு முள்ளெலும்புகளின் மட்டத்தில். அதை அடைத்தால் இரண்டு காலும் செயலிழக்கும்.

அடைக்கச் செலுத்தும் துணிக்கை 150 மைக்ரோனைவிடச் சிறிதானால் நரம்பின் கிளைக்குள் நுழையும். பெரிதாக்கினால் பாதுகாப்பு என்று நினைக்கலாம், ஆனால் நாடி–நாளக் கோளாறில் குறுக்குவழி அகலமாக இருப்பதால் துணிக்கை கடந்து நுரையீரலுக்கே போய்விடும். நின்றாலும் கோளாற்றின் நடுவை அது அழிக்காது. எதனோல், மெல்லிய பசை, ஓனிக்ஸ் போன்ற திரவங்கள் அழிக்கும், ஆனால் நுண்கிளைக்குள்ளும் போகும். ஆகவே இடம்தான் எல்லாம்: மைக்ரோகதீட்டர் (நாடிக்குள் செலுத்தும் நுண்குழாய்) நரம்புக்குக் குருதி கொடுக்கும் கிளையைத் தாண்டி நிற்க வேண்டும்.

விழித்திருக்கும் நோயாளிக்கு அந்த இடத்தில் சிறிதளவு லிக்னோகெயின் (மரக்கச்செய்யும் மருந்து) செலுத்திவிட்டு முகத்தைச் சுளிக்க, பாதத்தைத் தூக்கச் சொல்லிப் பார்க்கலாம். தளர்ந்தால் அங்கே அடைக்கக் கூடாது. தளராவிட்டாலும் முழு நிம்மதி இல்லை, வேகமான ஓட்டம் மருந்தைக் கோளாறுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பாதி அடைத்தபின் ஓட்டத்தின் திசை மாறும், அப்போது சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். மயக்கத்தில் இருந்தால் முகத்தசையில் மின்முனை வைத்துக் கண்காணிப்பதுதான் மிச்சவழி.

#12 மின்நரம்பு

விறைத்தபின் எப்போது நரம்பின் மின்கடத்தல் பரிசோதனைக்கு அனுப்புவது என்று யாரும் எழுதவில்லை. மறுநாளே அனுப்பி வைக்கிறார்கள். அன்று எடுத்தால் அறுந்த நரம்பும் நல்ல நரம்பும் ஒன்றுபோலவே காட்டும், ஏனென்றால் சேதத்துக்குக் கீழேயுள்ள பகுதி இன்னும் உயிரோடு மின்னைக் கடத்திக்கொண்டிருக்கும். அது முற்றாக அழிய இயக்க நரம்பில் ஒரு வாரம்போல, உணர்வு நரம்பில் 10, 11 நாள். தசைக்குள் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யில் நரம்பிழந்த தசையின் அடையாளம் வர 3 வாரம். ஆகவே முதல் சோதனை 3 வாரத்தில், அடுத்தது 3 மாதத்தில். முதல் நாள் சோதனைக்கு ஒரே ஒரு பயன்: பழைய பாதிப்பு ஏற்கனவே இருந்ததா என்று காட்டும். கோளாறே பல வருடம் நரம்பை அழுத்தியிருக்கலாம். அதற்காகத்தான் சிகிச்சைக்கு முன் தசைவலுவையும் தொடுகையையும் எழுதி வைக்கவேண்டும் என்கிறோம்.

நரம்புச் சேதத்தை 1943-இல் செடன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பிரித்த மூன்று படி இன்றும் போதும். உறை மட்டும் அடிபட்டு மின்கடத்தல் நின்றிருந்தால் சில நாளிலிருந்து 12 வாரத்துக்குள் தானாக வரும். இழை செத்து உறைக்குழாய் மிஞ்சியிருந்தால் ஒரு நாளைக்கு 1 மி.மீ. கணக்கில் வளரும். பிபியூலா கழுத்திலிருந்து பாதம் தூக்கும் தசைக்குள் நரம்பு நுழையுமிடம் 10 செ.மீ. என்று வைத்தால் 100 நாள், தொடங்குவதற்கு ஒரு மாதம் சேர்த்து நாலரை மாதம். நரம்பின் பாதையில் விரலால் தட்டினால் மின் அடித்ததுபோலக் கூசும் புள்ளி மாதம் 2, 3 செ.மீ. கீழே நகர்ந்தால் வளர்கிறது என்று பொருள், அந்த இடத்தைப் பேனாவால் குறித்துத் திகதி போடுங்கள். நரம்பு முழுதும் அறுந்த மூன்றாம் படியில் எதுவும் நகராது. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அறிகுறி இல்லையென்றால் நரம்புச் சத்திரசிகிச்சை செய்பவர் பார்க்கவேண்டும். 12 முதல் 18 மாதம் கடந்தால் நரம்பைத் தைத்தாலும் தசை ஏற்காது.

ஸ்டெரொயிட் பற்றிக் கேட்பார்கள். வீக்கத்தைக் குறைக்கச் சில நாள் கொடுப்பது வழக்கம். எதனோல் எரித்த இழையை அது உயிர்ப்பிக்காது.

#13 படுவான்கரை_பிசியோ

அந்த நாலரை மாதத்தை யார் பார்ப்பது? அதில்தான் பாதி பேர் கெடுகிறார்கள்.

பாதம் தொங்கினால் முதல் வாரத்திலேயே ஏ.எஃப்.ஓ. பிளாஸ்டிக் தாங்கி, கணுக்கால் 90 பாகையில். இரவிலும். இல்லாவிட்டால் குதிக்கால் நரம்பு சுருங்கும் (பாருங்கள், தசைநாணையும் நரம்பென்றுதான் சொல்கிறோம்), நரம்பு திரும்பி வந்தாலும் பாதம் நிமிராது. வீட்டில் துவாயைப் பாதத்தில் மாட்டி நிமிர்த்தி 30 விநாடி, பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. முகநரம்பு என்றால் கண்தான் முதல்: பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டி வைப்பது.

நம்ம வேலைகள் இந்த நரம்புக்கு எதிரி. களை பிடுங்கக் குந்தியிருப்பதும் கால்மேல் கால் போடுவதும் பெரோனியலைப் பிபியூலாவில் அழுத்தும். ஆறு மாதத்துக்குக் குந்த வேண்டாம். தொழுகையில் முழங்கால் மடித்து நெடுநேரம் இருப்பவர் கதிரையில் தொழலாம். விறைத்த பாதத்தோடு வெறுங்காலில் வயலுக்கு இறங்கினால் சிப்பி வெட்டியதுகூடத் தெரியாது. பெரும்போகத்தில் எலிக்காய்ச்சல் அதே வெட்டுவழிதான் நுழையும். சேற்றில் இறங்கித்தான் தீரவேண்டுமென்றால் பூட்ஸ் போடுவதோடு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்சிசைக்ளினும் கேளுங்கள். கல்லடிக் கடற்கரை மத்தியான மணலும், மோட்டார்சைக்கிள் சைலன்சரும் கொப்புளம் போட்டபின்தான் தெரியவரும். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

எரிவதுபோல, ஊசி குத்துவதுபோல வலி இருந்தால் சாதாரண வலிமாத்திரை பிடிக்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் வகை வேண்டும், அதை டொக்டர்தான் எழுத வேண்டும்.

#14 சம்மாந்துறை_தாதி

வீட்டுக்கு விடக்குள்ள குடுக்குற டயக்னோசிஸ் கார்டுல 'ஸ்கிளீரோதெரபி டன்' எண்டு ஒத்த வரிதான் வருது. நாங்க இங்க எதை வச்சுப் பார்க்குறது?

#15 ஊசிமுனை

சரியான குறை. அனுப்புகிறவர் எழுத வேண்டியது: மருந்தின் பெயர், செறிவு, எத்தனை மி.லி., எந்தத் தசை அல்லது எந்த ஆழம், எந்த நரம்புக்கு எவ்வளவு தூரத்தில், சிகிச்சைக்கு முன்னும் வீட்டுக்கு விடும்போதும் பாதம் தூக்கும் வலு ஐந்துக்கு எத்தனை, கசிவு இருந்ததா. எழுதாமல் வந்தால் நோயாளியிடம் கேட்டு எழுதிவாங்கச் சொல்லும் வரி ஒன்றைத் தாளில் சேருங்கள்.

#16 வாவிக்கரை_வார்டு

சம்மத வரியை இப்படி மாற்றியிருக்கிறோம்:

"ஊசி போடுவது குருதி ஓடும் குழாய்க்குள். அதன் பக்கத்திலேயே, கையைக் காலை அசைக்கவும் தொடுவதை உணரவும் செய்கிற வேறொரு நரம்பு ஓடுகிறது. மருந்தோ வீக்கமோ அதைப் பாதித்தால் பாதம் தொங்கலாம், விரல் விறைக்கலாம், வாய் ஒருபக்கம் இழுக்கலாம். பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதத்தில் திரும்பும். சிலருக்குத் திரும்பாது."

#17 படுவான்கரை_பிசியோ

"வேறொரு நரம்பு" என்றால் மீண்டும் குழாயும் ஒரு நரம்பு என்றாகிவிடும். "அசைவு நரம்பு" என்று ஒரே சொல்லாக வைத்து, தாள் முழுக்க அதையே எழுதுங்கள். பக்கத்தில் முழங்காலின் வெளிப்புறப் படமும், அந்த நரம்பு மஞ்சள் கோடாக, குழாய் நீலமாக.

#18 கல்முனைக்காக்கா

"சிலருக்குத் திரும்பாது" என்ற வரியை யாரும் வெட்டச் சொன்னால் வெட்டவேண்டாம். 1990 எண்ணைப் பின்பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள், முன்பக்கம் பெட்டிக்குள் கொண்டு வாருங்கள்.